ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஹபீபா அக்கா வைத்திருந்த சொல்

சனிக்கிழமை காலை அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசியவர் நம் இதழைத் தொடர்ந்து படிக்கும் மதுராந்தகத்து வாசகி ஒருவர். "மேடம், ஹபீபா பேகம் தவறிட்டாங்கன்னு வாட்சப்ல வந்துகினு கீது. நெசமா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. "நேத்து சாயங்காலம்கூட எங்கிட்ட பேசினாங்க. யாரோ வேலையத்தவங்க கெளப்பி விட்டிருப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு அக்காவின் எண்ணை அழுத்தினேன். எடுத்தது அவருடைய மகள் ரிஸ்வானா. தாயும் மகளும் தனித்தனி வீட்டில் இருக்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அந்தக் காலை வேளையில் அம்மாவின் போன் மகள் கையில் இருந்ததே போதும். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாலை சுபுஹு தொழுகையை முடித்து, தொழுகை விரிப்பை மடித்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்தானாம். டீ கொண்டுபோன வேலைக்காரப் பெண் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

நம் வாசகர்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. 'பூட்டிய வீட்டில் புதினா வாசனை' என்ற தொடர்கதையாகவே அவரை அறிவீர்கள். செங்கல்பட்டு கடைத்தெருவில் திரைச்சீலையும் மெத்தை உறையும் விற்கும் கடை அவருடையது. கணவர் இறந்தபின் அவரே கல்லாவில் உட்கார்ந்தார். கடைக்குத் துணிப்பை அச்சடிக்க என்னிடம் வந்தவர், பிழை திருத்த மேசையில் வைத்திருந்த இதழின் மெய்ப்பை எடுத்து, காத்திருந்த நேரத்தில் ஒரு மர்மக்கதையைப் படித்துவிட்டார். "இன்னாம்மா எஸ்தரு, ரெண்டாவது பக்கத்துலயே தோட்டக்காரன்தான் கொன்னான்னு தெரிஞ்சிபோச்சே. மிச்சத்த எதுக்கு எழுதிகினு போறாரு?" என்றார். "அப்படின்னா நீங்களே ஒண்ணு எழுதுங்களேன்" என்று பேச்சுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் முதல் அத்தியாயத்தோடு வந்து நின்றார். கூடவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரிஸ்வானாவும் வந்திருந்தாள். தட்டச்சு செய்தது அவள்தான் என்பது பிறகு தெரிந்தது.

ரிஸ்வானாவுக்கு வேலை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். வருகிற விண்ணப்பங்களில் எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிக்கிற வேலை. அம்மாவுக்கோ தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும். "எனக்கு வாய் கீது, அவளுக்கு மூளை கீது. ரெண்டும் ஒரு வூட்டுல இருந்தா போலீசு எதுக்கு?" என்பார் அக்கா. கதையில் வரும் தாயும் மகளும் இவர்களேதான். கதையில் அந்தத் தாய் எல்லா மர்மத்தையும் அவிழ்ப்பாள். மகளுக்கு ஒரு மாப்பிள்ளை மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடங்களைத் தட்டச்சு செய்யும்போது ரிஸ்வானா விசைப்பலகையை ஓங்கிக் குத்துவாள்.

அப்போது படூரில் மகளின் அடுக்குமாடி வீட்டில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். அத்தியாயம் வாங்க நான் போகும்போதெல்லாம் சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்வேன். அக்கா அடுப்பருகே நின்று கதை சொல்வார். மகள் உணவு மேசையில் மடிக்கணினியோடு இருப்பாள்.

"ஷமீமு கதவத் தொறந்து உள்ள வந்தா…"

"எப்பிடிம்மா வருவா? சாவிதான் போன அத்தியாயத்துல கெணத்துல வுழுந்துடுச்சே."

"அப்ப சன்னல் வழியா வரட்டும்."

"வூடு மூணாவது மாடியில கீது."

"இன்னாடி நீ! ஒரு பொம்பள வூட்டுக்குள்ள வரதுக்கு இத்தினி பேஜாரு குடுக்கற?"

இப்படிச் சண்டை போட்டே ஒவ்வோர் அத்தியாயமும் முடியும். நீங்கள் எந்த வரிகளுக்குச் சிரித்தீர்களோ, அவற்றில் பாதி அந்தச் சமையலறையில் கோபத்தில் பேசப்பட்டவை.

கதையில் கொலை இல்லை என்று முதலில் நான் குறைப்பட்டுக்கொண்டேன். "நாஸ்தா துன்னுகினு படிக்கறாங்க ஜனங்க. அந்நேரத்துல பொணத்தக் கொண்டாந்து எலைக்குப் பக்கத்துல போடச் சொல்றியா?" என்று கேட்டார் அக்கா. அதனால் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பிரியாணி அண்டா ஒன்று நிறைந்தபடியே காணாமல் போனது. திருடர்கள் அதைக் கடற்கரை மணலில் தூக்கிப்போய்ப் படகில் ஏற்றினார்கள் என்று அக்கா சொல்ல, முடியவே முடியாது என்றாள் ரிஸ்வானா. முடிவு கட்ட மூவரும் மாமல்லபுரம் போனோம். வாடகைக்கு ஓர் அண்டா எடுத்து, தண்ணீர் நிரப்பி, மீன்பிடிக்கும் அண்ணன்கள் இருவரைத் தூக்கச் சொன்னாள் மகள். அவர்கள் கொஞ்ச தூரம் போய்க் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கூடியது. ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், "இன்னாம்மா நடக்குது இங்க?" என்றார்.

"பிரியாணி திருடறோம் சார்" என்றார் அக்கா.

"பிரியாணி எங்க?"

"அது அஞ்சாவது அத்தியாயத்துலதான் சார் வரும்."

தூக்கிய அண்ணன்களில் ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, பாதிய துன்னுட்டுத் தூக்குனா லேசா இருக்குமே" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதையின் முடிச்சு அப்படித்தான் அவிழ்ந்தது. அண்டா காணாமல் போன மறுநாள் வயிற்றுக் கோளாறோடு மருத்துவரிடம் போனவர்கள்தான் திருடர்கள் என்று அந்தத் தாய் கண்டுபிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

தொடர் புத்தகமாக வந்தது. சென்னையிலிருந்தெல்லாம் அழைத்துப் பாராட்டினார்கள். அதன்பின் ஜனங்கள் நிஜமாகவே இருவரையும் துப்பறிவாளர்களாக எண்ணிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். பள்ளிவாசலில் செருப்பு மாறியவர், கிளி பறந்துபோனவர், மருமகள் யாரோடு போனில் பேசுகிறாள் என்று தெரிய வேண்டிய மாமியார். மாமியாரை மட்டும் அக்கா டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மற்றவற்றையெல்லாம் இருவரும் விளையாட்டாகச் செய்தார்கள். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

பிறகு அவர்கள் குடியிருந்த இடத்திலேயே ஒரு சங்கதி நடந்தது. வெளியிலிருந்து வரும் பார்சல்களைக் கேட்டருகே காவலாளியின் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு வீட்டுக் குழந்தையின் பொம்மை, ஒரு பெண்ணின் செருப்பு, யாருடையதோ குக்கர் மூடி. பகல் காவலாளி தாசன், நெம்மேலிக்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். ஒருநாள் அவரை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் போகும்போது அக்காவிடம் வந்து, "நீங்கதான் கண்டுபுடிப்பீங்களாமே. கண்டுபுடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அதுவரை விளையாட்டாக இருந்தது அன்றோடு மாறியது. அக்கா கேட்டுக்கு எதிரே இருந்த சிமெண்டு இருக்கையில் பட்டாணி உரித்தபடி நாள் முழுவதும் உட்கார்ந்தார். ஒரு காலையில் தணிகாசலம் சார் நடைப்பயிற்சிக்கு வந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர், இஸ்திரி போட்ட சட்டை, யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அன்று அவர் காலில் ரோஜா நிறத்தில் பூ வைத்த ஒரு பெண் செருப்பு இருந்தது. "மொதல்ல எனக்கு சிரிப்பு வந்துச்சு எஸ்தரு. வாயப் பொத்திகினேன். அவரு கேட்டாண்ட போனாரு, அங்க இருந்த ஒரு பார்சல எடுத்தாரு, தம்பொருள எடுக்கற மாதிரி கக்கத்துல வெச்சிகினு போனாரு. அப்பறம் எனக்கு சிரிப்பு வரலே" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அன்று மாலை தாயும் மகளும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் மனைவி சரோஜா அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இவர்கள் முகத்தைப் பார்த்ததுமே அழத் தொடங்கிவிட்டார். உள்ளே ஓர் அறை நிறையப் பார்சல்கள், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பிரிக்காதவை. சாருக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியவை என்று எல்லாவற்றையும் எடுத்து வந்துவிடுகிறார். திருப்பிக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அந்த அம்மா எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. "யாராண்டையும் சொல்லிடாதீங்கம்மா. அவரு எப்பிடி வாழ்ந்த மனுஷன்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ரிஸ்வானா கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அதை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். வார்த்தைகள் ஒன்றாகத்தான் இருந்தன.

"ஒரு வாரம் குடுடி. அந்தம்மா மகனுக்கு சொல்லட்டும், அவங்களே வந்து சொல்லட்டும்."

"அந்த ஒரு வாரம் தாசண்ணன் தெருவுல எப்பிடிம்மா நடப்பாரு? திருடன்னு சொல்லி அனுப்பிகீறாங்க அவர."

"நான் வாக்குக் குடுத்துகீறேன்."

"நான் குடுக்கலியே."

மறுநாள் குடியிருப்போர் கூட்டத்தில் ரிஸ்வானா எழுந்து உள்ளதைச் சொன்னாள். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. நோய் என்றாள், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம் என்றாள். தாசனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வேலையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்று இரவுக்குள் யாரோ அந்த ரோஜாச் செருப்பை வைத்து வாட்சப்பில் ஒரு நகைச்சுவை எழுதிப் போட்டுவிட்டார்கள். அதற்குச் சிரித்த முகங்கள் வரிசையாக விழுந்தன. அந்த மாதமே தணிகாசலம் சாரும் அவர் மனைவியும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்றும்போது அக்கா கீழே இறங்கிப் போனார். சரோஜா அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

அக்கா செங்கல்பட்டுக்கே வந்து, கடைக்கு மேலிருந்த பழைய வீட்டில் தங்கிக்கொண்டார். மகளிடம் பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் பேசினார்கள். "மாத்திர போட்டியாம்மா?" "போட்டேன்." "துன்னியா?" "துன்னேன்." அவ்வளவுதான். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று மணி நேரம் சண்டை போட்டவர்கள் அவர்கள்.

அப்போது நம் இதழில் அவருடைய இரண்டாவது தொடர் வந்துகொண்டிருந்தது. முட்டுக்காட்டுப் படகுத்துறையில் நடப்பது. குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுபோனது. உடல்நலம் காரணமாக என்று நாங்கள் ஒரு வரி போட்டோம். அது முழு உண்மையல்ல. நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்று போய் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எதையும் மறுக்கவில்லை. இரண்டு பக்கம் ஆனதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "சப்புன்னு கீது. நீ ரொம்ப நல்லவம்மா. எதுத்துப் பேச ஆளு இல்லாம எனக்கு எழுத வரலே" என்றார். அந்தப் பக்கங்களை அன்றே அழித்துவிட்டோம்.

ஒரு வருஷம் இப்படியே போனது. சரோஜா அம்மா தன் தம்பி வீட்டில், திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறார் என்று, இறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் தற்செயலாக அக்காவுக்குத் தெரிந்தது. கடைக்குத் துணி எடுக்க வந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். "கூட வரியா? தனியா போக எனக்கு காலு வரலே" என்று என்னைக் கூப்பிட்டார். புதன்கிழமை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிப் போனோம். மடியில் ஒரு பிஸ்கட் பெட்டி. வழியெல்லாம் அக்கா பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்த பயணம் எனக்கு அது ஒன்றுதான்.

சரோஜா அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. அக்கா தரையைப் பார்த்தபடி, "வாக்கக் காப்பாத்த முடியலம்மா. அன்னிக்கு எம்பொண்ண நான் நிறுத்தியிருக்கணும்" என்றார்.

"நிறுத்தியிருந்தா நான் செத்திருப்பேன்" என்றார் சரோஜா அம்மா. "கோவம் இருந்துச்சும்மா. ரொம்ப நாளு இருந்துச்சு. ஆனா நெனச்சுப் பாருங்க. ராத்திரி பகலு கதவ சாத்திகினு நான் ஒருத்தியா அவரோட அல்லாடிகினு இருந்தேன். அது வெளிய வந்தப்பறம்தான் எம்புள்ள பிளேன் ஏறி வந்தான், எந்தம்பி வந்தான், டாக்டராண்ட காட்டினோம். இன்னொரு வாரம் குடுத்திருந்தீங்கன்னா அந்த வாரமும் நான் பூட்டிகினுதான் இருந்திருப்பேன். எனக்கு நல்லா தெரியும்."

தணிகாசலம் சார் உள்ளிருந்து வந்து நின்று எங்களைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. "பார்சல் வந்திச்சா?" என்று கேட்டார். அக்கா எழுந்து பிஸ்கட் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "வந்திச்சு சார். உங்க பேருக்குதான் வந்துகீது." அவர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்தியாக உள்ளே போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சன்னலோரம் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும், "அவ சொன்னதும் சரிதான் எஸ்தரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, என் தொடையில் ஓர் அடி அடித்தார். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை இறக்கிய மனுஷியின் சிரிப்பு அது.

"இப்பவே ரிஸ்வானாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கக்கா" என்று என் கைபேசியை நீட்டினேன்.

"போன்லயா? இத்தினி நாளு சண்ட போட்டுட்டு போன்ல போய் தோக்கறதா? ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். பிரியாணி போடறேன். அவ வாயி நெறைய சோறு இருக்கச்ச சொல்லணும். அப்பதான் எதுத்துப் பேச மாட்டா."

வெள்ளிக்கிழமை மாலை எனக்குப் போன் செய்தார். ரிஸ்வானா வர ஒப்புக்கொண்டாளாம். நானும் வரவேண்டுமாம். "சாட்சிக்கு ஒரு ஆளு வோணும். அப்பறம் நான் சொல்லவே இல்லன்னுடுவா" என்றார். முட்டுக்காட்டுக் கதையின் குற்றவாளியையும் அன்றே முடிவு செய்துவிடலாம் என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

சனிக்கிழமை மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம். ஆண்கள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். தெருவில் சத்தம் அடங்கியதும் ரிஸ்வானா பின்பக்க அறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டினாள், கஃபன் துணி போர்த்தினாள், வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதன்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சரோஜா அம்மா சொன்னதை, பிஸ்கட் பெட்டியை, எல்லாவற்றையும். கடைசியாக, "பஸ்ல வரச்ச அம்மா சொன்னாங்க, அவ சொன்னதும் சரிதான்னு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "சொன்னது சரின்னாங்களா, சொன்னதும் சரின்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னதும்."

"நல்லா ஞாபகம் கீதா உங்களுக்கு?"

"கீது."

"அப்ப அவங்க சொன்னதும் சரின்றாங்க" என்றாள். உதடு கோணியது. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். "அதான பாத்தேன். கடைசி வரிக்கும் வுட்டுக்குடுக்கலியே எங்கம்மா." அப்புறம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். முன்னறையிலிருந்த பெண்கள் எழுந்து வரும் அளவுக்கு அழுதாள்.

இரண்டாவது தொடரின் குற்றவாளி யார் என்று கேட்டு உங்களில் பலர் எழுதுகிறீர்கள். எனக்குத் தெரியாது. ரிஸ்வானாவுக்கும் தெரியாது. அவளையே எழுதி முடிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இப்போது மனமில்லை. வெளிவந்தவரை அப்படியே புத்தகமாகப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போயிருந்தபோது ரிஸ்வானா என்னைத் தனியே அழைத்து இன்னொன்று கேட்டாள். "அன்னிக்கு பஸ்ல சொன்னாங்களே, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு சொன்னாங்களா, எப்பிடி சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"எப்பிடி சிரிச்சாங்க?"

சொல்லிப் பார்த்தேன். தோள் குலுங்கியதைச் சொன்னேன், முந்தானையைச் சொன்னேன், என் தொடையில் அடித்ததைச் சொன்னேன். அவள் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல. வரவில்லை. அக்கா மகளுக்கென்று வைத்திருந்த சொல்லை நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அதோடு வந்த சிரிப்பைச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அது ரிஸ்வானாவுக்குச் சேர வேண்டியது. என்னிடமே தங்கிவிட்டது.